பத்துப் பாகம் ஆழத்தில்

கடற்கரையில் பிறந்து வளர்ந்து, இன்றும் ஒரு கடற்கரைப் பங்கிலேயே பணிபுரியும் நமக்கு, கடலின் அடியில் என்ன இருக்கிறது என்று இறங்கிப் பார்க்க ஐம்பத்தாறாம் வயதில் ஓர் அழைப்பு வந்தது. சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஊர் திரும்பியிருந்த இளையோர் ஒன்பது பேர், நள்ளிரவுத் திருப்பலி முடிந்ததும் பங்குமனை முற்றத்தில் நம்மைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஃபாதர், அடுத்த சனவரியில அந்தமான் போறோம். ஸ்கூபா டைவிங் கத்துக்கிறோம். ரெண்டு ராத்திரி கடற்கரையில கூடாரம். நீங்களும் வரணும்."

முதுகில் காற்று உருளையைச் சுமந்துகொண்டு கடலுக்குள் நீந்தும் பங்குத்தந்தையைக் கற்பனை செய்து பார்த்தோம், சிரிப்பு வந்தது. ஆயினும் இசைந்தோம். ஒன்பது பேரில் நால்வர் பெண்கள். பெற்றோரின் சம்மதத்தைப் பெற ஒரு வெள்ளை அங்கி அவர்களுக்குத் தேவைப்பட்டது என்பதை நாம் அறியாமலில்லை.

அந்தமான் வரை ஏன் போக வேண்டும், நம் வாசலிலேயே தீவுகள் உள்ளனவே என்று வாசகர் கேட்கலாம். நாமும் அதையே முதலில் கேட்டோம். இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. 1986-ஆம் ஆண்டு அவை கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அவற்றில் நம் விருப்பப்படி இறங்கக் கூடாது. கூடாரத்திற்குப் பேச்சே இல்லை. சுண்ணாம்புக்கென்றும் கட்டடத்திற்கென்றும் அத்தீவுகளைச் சுற்றியிருந்த பவளப்பாறைகளை வண்டி வண்டியாக ஏற்றி வந்தவர்கள் இக்கரையில் வாழ்ந்த நம்மவர்கள்தாம். 21-இல் இரண்டு தீவுகள் இன்று நீருக்குள் போய்விட்டன. எனவே அரசின் கண்டிப்பைக் குறைசொல்ல நமக்கு வாயில்லை.

அந்தமானில் பணிபுரியும் குருமட நண்பர் ஒருவருக்கு எழுதினோம். அவரிடமிருந்து நீண்ட மடல் வந்தது. ஹேவ்லாக் என்று நாம் அறிந்திருந்த தீவு 2018 முதல் சுவராஜ் தீவு எனப்படுகிறது. கடலடியைப் பார்க்க வருவோர் பெரும்பாலும் செல்வது அங்கேதான். சனவரி முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும். மே மாதம் கச்சான் எழுந்துவிட்டால் படகுப் பயணத்தை உறுதியாகச் சொல்ல இயலாது. கூடாரத்தைக் கண்ட இடத்தில் அடிக்க முடியாது. கரையை ஒட்டிய காடுகள் பெரும்பாலும் வனத்துறையின் பொறுப்பில் இருப்பதால் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். பழங்குடியினர் வாழும் பகுதிகள் 1956-ஆம் ஆண்டின் சட்டத்தால் காக்கப்படுகின்றன. அங்கே நுழைவது குற்றம். சிப்பியையோ பவளத்தையோ நினைவுப் பொருளாக எடுத்து வரலாகாது. மாலையில் மணல் ஈக்கள் கடிக்கும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் ஓரளவு தப்பலாம். ஓடை கடலில் கலக்கும் இடங்களில் முதலைகள் உண்டு. 2010-இல் ஹேவ்லாக் கடலில் நீந்திய அமெரிக்கப் பெண் ஒருவரை முதலை கொன்றதை நண்பர் குறிப்பிட்டிருந்தார். (இந்தப் பகுதியைப் பெற்றோர் கூட்டத்தில் நாம் படிக்கவில்லை.)

மடலின் கடைசியில் ஒரு குறிப்பு இருந்தது. "முதலில் கூடாரம், பிறகு கடலில் இறங்குவது என்று திட்டமிட்டிருக்கிறீர்கள். அதை மாற்றுங்கள். பலமுறை இறங்கி ஏறியவர்கள் 18 மணி நேரமாவது கழியாமல் விமானம் ஏறக் கூடாது. முதலில் இறங்குங்கள், கடைசி நாளைக் கூடாரத்தில் கழியுங்கள்."

ஏன் 18 மணி நேரம்? இளையோர் குழுவின் செயலாளர் மடிக்கணினித் துறையில் வேலை பார்ப்பவர். "அதுக்கு ஒரு பாடம் இருக்கு ஃபாதர்" என்று பயிற்சி நூல் ஒன்றைத் தந்தார். அன்றிரவு செபமாலைக்குப்பின் அதைப் படிக்கத் தொடங்கிய நாம், விளக்கை அணைத்தபோது இரண்டு மணி.

செய்தி எளியதுதான். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் நம்மேல் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் நாம் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் சதையிலும் கரைகிறது. எவ்வளவு ஆழமோ, எவ்வளவு நேரமோ, அவ்வளவு கரையும். மெதுவாக மேலே வந்தால் அது நுரையீரல் வழியாக அமைதியாக வெளியேறிவிடும். விரைந்து வந்தால், கோலியை உள்ளே தள்ளிய சோடாப் புட்டியைப் போல் உடலுக்குள் குமிழிகள் கிளம்பும். மூட்டில் கிளம்பினால் வலி. தண்டுவடத்தில் கிளம்பினால் இடுப்புக்குக் கீழே செயலிழப்பு. 18 மீட்டர் ஆழத்தில் முதன்முறை இறங்குபவர் அங்கே ஒரு மணி நேரம்கூட முழுமையாக இருக்கலாகாது. 30 மீட்டரில் ஏறத்தாழ 20 நிமிடமே. நிமிடத்திற்கு 9 மீட்டருக்கு மிகாமல் மேலேற வேண்டும். கரைசேருமுன் 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். விடுமுறையைக் கழிக்க வருகிறவருக்கு முதல் நாள் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது.

இடுப்புக்குக் கீழே செயலிழப்பு என்ற வரியில் நாம் வெகுநேரம் நின்றுவிட்டோம்.

நம் அண்ணன் சங்குகுளிக்காரர். நம் தந்தையும் அப்படியே. இக்கரையில் முத்துக்குளித்தல் 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. சங்கு மட்டும் நின்றது. இங்கே எடுக்கும் சங்கு வங்காளத்திற்குப் போய் மணமான பெண்களின் கைவளையாகிறது. தந்தை காலத்தில் மூச்சடக்கித்தான் இறங்குவார்கள். மேலே வந்தால்தான் அடுத்த மூச்சு. அண்ணன் காலத்தில் வள்ளத்தில் கம்ப்ரசர் வந்தது. இரப்பர்க் குழாயின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்கினால், மேலே இயந்திரம் ஓடும்வரை கீழே இருக்கலாம். கடலுக்குள் நீண்டநேரம் இருக்கக் கற்றுக்கொடுத்த அந்தக் குழாய், கடலிலிருந்து எப்படி வருவது என்று எவருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை.

1998-ஆம் ஆண்டு, நாம் குருவாகி இரண்டாம் ஆண்டு. ஒருநாள் மாலை வள்ளத்தில் ஏறி உட்கார்ந்து பீடி பற்றவைத்த அண்ணன், இடுப்பு வலிக்கிறது என்றார். கரை சேர்வதற்குள் கால்கள் மரத்துப்போயின. அன்றிலிருந்து அவர் நடக்கவில்லை. கடலில் ஏதோ அடித்துவிட்டது என்றார்கள் சிலர். ஊரிலிருந்த கிழவர் ஒருவர் மட்டும், "அவனைத் திரும்பக் கீழே இறக்கி வச்சிருங்கடா" என்று கத்தினாராம். பித்துப் பிடித்த பேச்சு என்று எவரும் செவிகொடுக்கவில்லை. செய்தி கேட்டு ஓடிவந்த நாம், அழுதுகொண்டிருந்த தாயின் கையைப் பிடித்து, "இறைவன் திருவுளம் அம்மா" என்றோம். அருள்பணியாளர் என்ற முறையில் நாம் சொன்ன முதல் ஆறுதல்களில் அதுவும் ஒன்று.

மறுநாள் பிற்பகல் நூலை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனோம். திண்ணையில் கட்டிலில் சாய்ந்து வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். நாம் குருவான நாள்முதல் அவர் நம்மைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. எவ்வளவு சொல்லியும் 'சாமி'தான். பாடத்தை உரக்கப் படித்துக் காட்டினோம். காதும் அவருக்கு மந்தம். மீட்டர் கணக்கு அவருக்கு ஒட்டவில்லை. 18 மீட்டர் என்பது ஏறத்தாழப் பத்துப் பாகம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அன்னைக்குப் பத்துப் பாகம்தான் சாமி."

"எவ்வளவு நேரம் கீழ இருந்தீங்க அண்ணே?"

"யாரு மணி பாத்தா? பை நெறையிற வரைக்கும். மேல வந்து ஒரு டீ, திரும்ப இறக்கம். அன்னைக்கு நாலு தடவை. நாலாவது தடவை கம்ப்ரசர் பெல்ட் அறுந்திட்டு. காத்து வரலை. ஒரே உந்தா உந்தி மேல வந்திட்டேன்."

காற்று நின்றபின் அவர் வேறென்ன செய்திருக்க முடியும்? ஆனால் முதல் மூன்று இறக்கங்களில் உடலில் சேர்ந்ததுதான் நான்காம் ஏற்றத்தில் பழிவாங்கிற்று. அந்தக் கிழவரின் சொல்லும் முழுப் பித்தல்ல என்று நூலிலிருந்து விளக்கினோம். மறுபடி அழுத்தத்திற்கு உட்படுத்திக் குமிழியைச் சிறிதாக்கி, பின் மெல்ல மெல்ல அழுத்தத்தைக் குறைப்பதே இதற்கு மருத்துவம். அதைக் கடலுக்குள் செய்வது ஆபத்து. இரும்பு அறையொன்றில் உயிர்வளி கொடுத்துச் செய்கிறார்கள்.

அண்ணன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இதை எப்பக் கண்டுபிடிச்சாங்க சாமி?" என்றார்.

பாலங்களுக்கு அடித்தளமிட அழுத்தக் காற்று அறைகளுக்குள் இறங்கி வேலைசெய்தவர்களுக்கும் இதே நோய்தான். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தைக் கட்டிய தலைமைப் பொறியாளர் ரோப்ளிங் 1872-இல் இதனால் முடங்கினார். நைட்ரஜன் குமிழிகளே காரணம் என்று பால் பெர் என்ற பிரெஞ்சு அறிஞர் 1878-இல் நூல் எழுதினார். ஆடுகளை வைத்து ஆராய்ந்து, எந்த ஆழத்திலிருந்து எப்படி ஏறவேண்டும் என்ற அட்டவணையை ஹால்டேன் என்பவரும் அவருடைய தோழர்களும் 1908-இல் வெளியிட்டார்கள். இவற்றையெல்லாம் சொல்லி முடித்தோம்.

"அப்ப அது எங்க தாத்தா காலத்துலயே தெரிஞ்சிருக்கு" என்றார். கணக்குப் பார்த்தால் 1908-க்கும் 1998-க்கும் இடையே தொண்ணூறு ஆண்டுகள். "நீங்க இவ்வளவு படிச்சீங்களே. உங்களுக்கும் தெரியாதா சாமி?"

அது குற்றச்சாட்டு அன்று. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். நமக்குத் தெரியாது. தத்துவத்திற்கும் இறையியலுக்கும் குருமடத்தில் ஆண்டுகளைக் கொடுத்தோம். துன்பம் ஏன் வருகிறது என்ற பொருளில் ஒரு பருவம் முழுவதும் பாடம் கேட்டோம். தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். நம் கரையில் இளைஞர்களின் கால்கள் ஏன் செயலிழக்கின்றன என்று ஒரு மருத்துவரிடம்கூடக் கேட்டதில்லை. திருவுளம் என்று சொல்லிவிட்டபின் கேட்க என்ன இருக்கிறது? "தெரியாது அண்ணே" என்றோம். அவர் தலையசைத்துவிட்டு முடிச்சைத் தொடர்ந்தார்.

அடுத்த திட்டக் கூட்டத்தில் இதைச் சொன்னோம். கம்ப்ரசரில் இறங்குவோர் இன்றும் நம் பங்கில் உண்டு. குழுவில் ஒரு பெண்ணின் தந்தையும் அவர்களில் ஒருவர். அவர்களில் இருவரை நம்மோடு அழைத்துச் சென்று முறையான பயிற்சி பெறச் செய்தால் என்ன என்று கேட்டோம். வாக்குவாதம் எழுந்தது. "ஃபாதர், இது எங்க லீவு. எல்லாத்தையும் சமூகப்பணி ஆக்காதீங்க" என்றார் ஒருவர். அவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. ஆண்டு முழுவதும் கண்ணாடிக் கட்டடத்துக்குள் உழைத்துவிட்டு ஒரு வாரம் கேட்கிறார்கள். நாம் வற்புறுத்தவில்லை. ஒரு வாரம் கழித்து அவரே தொலைபேசியில் கூப்பிட்டு, புதுக் கூடாரங்கள் வாங்காமல் வாடகைக்கு எடுத்தால் ஒருவருக்கான பயிற்சிக் கட்டணம் மிஞ்சும் என்றார்.

சங்குகுளிக்காரர்களைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாயிற்று. "காசு குடுத்துக் கடல்ல இறங்கணுமாக்கும்!" என்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். பயிற்சிக்கு 200 மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும், பத்து நிமிடம் மிதக்க வேண்டும் என்றபோது சிரிப்பு இன்னும் கூடியது. போகும் நாள்களின் கூலிக்கு என்ன வழி என்று கேட்டபோது மட்டும் எவரும் சிரிக்கவில்லை. அதற்கும் இளையோர் ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறார்கள். இருவர் வருகிறார்கள். விமானம் வேண்டாமாம், சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பலில் வருகிறார்கள்.

நம்மைப் பொறுத்தவரை, மருத்துவப் படிவத்தில் 45 வயதைக் கடந்தவர்களுக்கென்று தனிக் கேள்விகள் இருந்தன. மருத்துவர் அவற்றுக்கு வரும் முன்பே காதைப் பார்த்தார். சிறுவயதில் படகுக்கு அடியில் முங்கி விளையாடியபோது கிழிந்த செவிப்பறை இன்னும் சரியாக மூடவில்லை. ஆகவே நாம் கரையில் கூடாரத்தைக் காத்திருப்போம். அவசரம் நேர்ந்தால் மிக அருகிலுள்ள அழுத்த அறை எது, அதற்கு யாரிடம் பேசவேண்டும் என்பதை விசாரித்து எழுதி வைப்பதே நம் முதல் பொறுப்பு.

அண்ணன் இப்போது வேறொரு வேலையில் இறங்கியிருக்கிறார். பேத்தியை உட்கார வைத்து, மீட்டரைப் பாகமாக்கி ஓர் அட்டையில் எழுதச் சொல்கிறார். பயிற்சியாளர் பார்த்துத் திருத்திய பிறகுதான் வள்ளத்தில் தொங்கவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். ஏறும் வேகம் நிமிடத்திற்கு ஐந்து பாகம் என்று அவள் எழுதினாள். "கீழ எவன் நிமிசம் பாப்பான்? நாம விடுற சின்னக் குமிழியை முந்தக் கூடாதுன்னு எழுது" என்றார். அது பழைய கடல்மூழ்கிகளின் விதி என்று நூலிலும் உள்ளது. அவருக்கு எப்படித் தோன்றிற்றோ.

மூன்று பாகத்தில் மூன்று நிமிடம் நிற்பதை எப்படிக் கணக்கிடுவது என்பது அடுத்த சிக்கல். எல்லாரிடமும் கடிகாரம் இல்லை. "மனசுக்குள்ள ஒரு பத்து மணி செபம் சொன்னா மூணு நிமிசம் ஆகுமா சாமி?" என்று கேட்டார். கைக்கடிகாரத்தைக் கட்டிலின்மேல் வைத்துவிட்டு, பத்து 'அருள் நிறைந்த மரியே'யையும் நாமே சொல்லிப் பார்த்தோம். இரண்டு நிமிடத்திற்குச் சற்றே கூடுதலாக வந்தது.

"நீங்க ரொம்ப வேகமாச் சொல்றீங்க சாமி" என்றார் அண்ணன்.

மறுபடியும் தொடங்கினோம், மெதுவாக.