எண்ணெயா? மின்னா?

ஒரு பொருளை வாங்குமுன் அதன் விலை என்ன என்று கேட்பவர் பலர். அதனை வைத்துப் பேணுவதற்கு என்ன செலவாகும் என்று கேட்பவர் சிலர். அப்பொருள் எந்த மண்ணிலிருந்து, எவருடைய உழைப்பால் வந்தது என்று கேட்பவர் மிகச் சிலர். மலேசியக் குடும்பங்களில் இன்று பெரிதும் பேசப்படும் செய்தி ஒன்று உண்டு. அடுத்து வாங்கும் மகிழுந்து பெட்ரோலில் ஓடுவதா, மின்சாரத்தில் ஓடுவதா என்பதே அது. மேற்சொன்ன மூன்று வினாக்களையும் எழுப்பாமல் இதற்கு விடை காண இயலாது.

மின் மகிழுந்து நேற்றுத் தோன்றிய புதுமை என்று பலர் கருதுகின்றனர். அஃது உண்மையன்று. 1900ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் செய்யப்பட்ட ஏறத்தாழ 4,200 வண்டிகளுள் 1,500க்கும் மேற்பட்டவை மின்னால் ஓடியவை. நீராவி வண்டிகள் அவற்றினும் சற்று மிகுதி. பெட்ரோல் வண்டிகளோ ஆயிரத்தைக்கூட எட்டவில்லை. முன்பக்கம் நின்று கைப்பிடியை வலிந்து சுழற்றினால்தான் பெட்ரோல் வண்டி உயிர்பெறும். சுழற்றும்போது எதிரடித்துக் கை முறிந்தவர்களும் உண்டு. மின் வண்டிக்கு அத்தொல்லை இல்லை. ஆயினும் 1908இல் போர்டு நிறுவனம் எளியவர்க்கென ஒரு வண்டியைக் கொணர்ந்தது. 1913இல் தொடர் உற்பத்தி முறையால் அதன் விலையை மேலும் குறைத்தது. 1912இல் கேடிலாக் வண்டிகளில் சார்லஸ் கெட்டரிங் வகுத்த மின்தொடக்கி இடம்பெற்றது. கைப்பிடிக்கு வேலை ஒழிந்தது. பெட்ரோல் வண்டியின் பெருங்குறையை நீக்கி, மின் வண்டியை வீதியிலிருந்து வெளியேற்றியதும் மின்சாரமே என்பது வரலாற்றின் வேடிக்கை!

பின்னர் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் மின் வண்டி உறங்கிக் கிடந்தது. அதனை எழுப்பியது லித்தியம் மின்கலன். எடை குறைவாகவும் கொள்திறன் மிகுதியாகவும் அமைந்த இக்கலனை உருவாக்கிய அறிவியலாளர் மூவருக்கு 2019ஆம் ஆண்டில் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. கைப்பேசிக்குள் புகுந்த கலன்தான் வளர்ந்து மகிழுந்தின் அடித்தளத்திலும் இடம்பிடித்தது.

இரண்டு வண்டிகளும் இயங்கும் முறையை எண்ணிப் பார்த்தால் மின் வண்டியின் சிறப்பு விளங்கும். பெட்ரோல் பொறியில் எரியும் எண்ணெயின் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றுகிறது. எஞ்சியவை வெப்பமாகவும் புகையாகவும் உராய்வாகவும் வீணாகின்றன. மின் வண்டியிலோ கலனில் உள்ள ஆற்றலில் பெரும்பகுதி சக்கரத்தைச் சென்று சேர்கிறது. வேகத்தைக் குறைக்கும்போது மின்பொறியே மின்னாக்கியாக மாறி, வண்டியின் ஓட்டத்தை மின்னாக்கிக் கலனுக்குத் திருப்பித் தருகிறது. கூட்டரசு நெடுஞ்சாலையில் மாலை நெரிசலில் ஊர்ந்து செல்லும் பெட்ரோல் வண்டி, நின்ற இடத்திலும் எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருக்கும். மின் வண்டி நின்றால் அதன் பொறியும் நின்றுவிடும். குளிர்சாதனம் மட்டுமே சிறிது மின்னை உண்ணும். பொறி எண்ணெய் மாற்றுதல், தீப்பொறிச் செருகி மாற்றுதல் முதலிய பட்டறைச் செலவுகளும் அதற்கில்லை.

இவ்வளவு நன்மைகள் இருந்தும் மக்கள் தயங்குவது ஏன்? அதற்கு விடை பொறியில் இல்லை. பணப்பையிலும் வீட்டு வாசலிலும் இருக்கிறது.

1985இல் முதல் புரோட்டோன் சாகா வெளிவந்தபோது, நடுத்தரக் குடும்பத்தாரும் சொந்த மகிழுந்தைக் கனவு காணலாயினர். அதே புரோட்டோன் நிறுவனம் 2024 டிசம்பரில் தன் முதல் மின் மகிழுந்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. ஓராண்டு கழித்து, 2025 டிசம்பரில் பெரோடுவாவும் கொணர்ந்தது. மகிழுந்தை விலைக்கும் மின்கலனை மாத வாடகைக்கும் தரும் புதிய முறையைப் பெரோடுவா கைக்கொண்டது. முழுதாக இறக்குமதியான மின் வண்டிகளுக்கு அளிக்கப்பட்டிருந்த இறக்குமதி வரி விலக்கும், மின் வண்டிகளுக்கான சாலை வரி விலக்கும் 2025ஆம் ஆண்டின் இறுதியோடு முடிவுற்றன. மறுபக்கத்தில், 2025 செப்டம்பர் இறுதியில் அரசாங்கம் ரோன் 95 பெட்ரோலைக் குடிமக்களுக்கு லிட்டர் 1 வெள்ளி 99 காசு என்னும் விலையில், மாதம் 300 லிட்டர் வரை வழங்கத் தொடங்கியது. உலகின் பல நாடுகளில் பெட்ரோலின் விலையேற்றமே மக்களை மின் வண்டியின் பக்கம் தள்ளியது. பெட்ரோல் மலிவாகக் கிடைக்கும் மண்ணில் அந்த உந்துதல் குறைவு.

கிள்ளான் வட்டாரத்து அடுக்குமாடி ஒன்றின் நான்காம் மாடியில் வாழும் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவரின் நிலையை இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அவர்தம் தந்தையார் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் துண்டாடப்பட்ட பின் முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டியவர். மகள் பணியாற்றும் பள்ளி நெடுந்தொலைவில் உள்ளது. போக வர மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட வேண்டும். மின் மகிழுந்து வாங்க மகளுக்கு விருப்பம். முன்பணத்திற்குத் தம் ஊழியர் சேமநிதியில் எஞ்சியிருந்த தொகையைத் தருவதாகத் தந்தை சொன்னார். ஆனால், முதலில் கணக்கைத் தாளில் எழுதச் சொன்னார்.

மகள் எழுதினார். 100 கிலோமீட்டர் ஓட மின் வண்டிக்கு ஏறத்தாழ 15 அலகு மின்சாரம் வேண்டும். வீட்டு மின்சாரம் அலகு 50 காசு என்று கொண்டால் 7 வெள்ளி 50 காசு. அதே தொலைவுக்குச் சிறிய பெட்ரோல் வண்டி ஆறரை லிட்டர் குடிக்கும். அதற்குச் செலவு ஏறத்தாழ 13 வெள்ளி. மாதத்திற்கு மின்சாரம் 112 வெள்ளி 50 காசு; பெட்ரோல் 195 வெள்ளி. மிச்சம் 82 வெள்ளி 50 காசு. ஆண்டுக்கு 990 வெள்ளி.

“பார்த்தீர்களா அப்பா, ஆண்டுக்கு ஆயிரம் வெள்ளி மிச்சம்!” என்றார் மகள்.

“மிச்சந்தான் அம்மா. ஆனால், மின்னேற்றியை எங்கே மாட்டுவாய்? நான்காம் மாடியிலிருந்து கீழே நிறுத்துமிடத்திற்குக் கம்பி விடுவாயா?” என்று கேட்டார் தந்தை.

மகளிடம் விடை இல்லை. அடுக்குமாடியின் நிறுத்துமிடத்தில் மின்னேற்றும் வசதி கிடையாது. எனவே பேரங்காடியிலோ நெடுஞ்சாலை ஓய்விடத்திலோ உள்ள விரைவு மின்னேற்றியைத்தான் நாட வேண்டும். அத்தகைய இடங்களில் அலகு ஒன்றுக்கு ஒரு வெள்ளிக்கு மேல் பெறுவது வழக்கம். 1 வெள்ளி 30 காசு என்று வைத்துக் கணக்கிட்டபோது 100 கிலோமீட்டருக்கு 19 வெள்ளி 50 காசு ஆயிற்று. மாதத்திற்கு 292 வெள்ளி 50 காசு. பெட்ரோலைவிட 97 வெள்ளி 50 காசு மிகுதி! இலாபம் என்று எண்ணியது நட்டமாய் மாறிற்று. வண்டி ஒன்றே; மின்சாரமும் ஒன்றே; அதனை ஏற்றும் இடம் மாறியதால் கணக்கே தலைகீழாயிற்று.

அதே ஊரில் தரை வீட்டில் வாழும் பொறியாளர் ஒருவர் மின் மகிழுந்து வைத்திருக்கிறார். இரவில் தம் வீட்டு முற்றத்திலேயே மின்னேற்றுகிறார். ஏற்கெனவே ஓர் இலட்சம் வெள்ளிக்கு மேல் விலையுள்ள பெட்ரோல் வண்டியைப் பயன்படுத்தியவர் ஆதலின், விலை வேறுபாடும் அவருக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. அவருடைய முடிவு அவரளவில் சரியானதே. ஐம்பதாயிரம் வெள்ளிக்குச் சிறு வண்டி வாங்கக்கூடியவர், கூடுதலாக ஐம்பதாயிரம் வெள்ளி கடன்பட்டு மின் வண்டி வாங்கினால், ஆண்டுக்கு 990 வெள்ளி மிச்சம் பிடித்து அதனை ஈடுகட்ட ஐம்பது ஆண்டுகள் ஆகும். மின்கலனுக்குத் தரப்படும் பொறுப்புறுதியோ பொதுவாக எட்டு ஆண்டுகள். வரப்போகும் ஊதியத்தை நம்பிக் கையிலுள்ள முதலை இழக்கும் செயலை அறிவுடையார் மேற்கொள்ளார் என்று வள்ளுவப் பெருந்தகை தெரிந்து செயல்வகையில் உரைத்தது, மகிழுந்துக் கடனுக்கும் பொருந்துவதேயாகும்.

தந்தையின் சேமநிதிப் பணம் எடுக்கப்படவில்லை. ஆசிரியை சிறிய பெட்ரோல் மகிழுந்தையே வாங்கினார். ஆயினும் அவர் அத்துடன் அமைந்துவிடவில்லை. நிறுத்துமிடத்தில் இரவு முழுதும் மெல்ல மின்னேற்றும் வசதியைச் செய்து தருமாறு அடுக்குமாடி நிர்வாகக் குழுவுக்கு, அண்டை வீட்டார் சிலருடைய கையொப்பங்களோடு ஒரு கடிதம் எழுதினார். அஃது அவருக்காக மட்டும் எழுதப்பட்ட கடிதமன்று. 2025ஆம் ஆண்டுக்குள் நாட்டில் 10,000 மின்னேற்றிகளை அமைக்க இலக்கு வகுக்கப்பட்டது. அவ்வாண்டின் தொடக்கத்தில் அவ்விலக்கின் பாதிகூட எட்டப்படவில்லை. அமைப்பவை எங்கே அமைய வேண்டும் என்பதும் எண்ணிக்கையைப் போலவே இன்றியமையாதது. பேரங்காடிகளில் மட்டும் அமைந்தால் முற்றமுள்ளவனுக்கு மலிவான மின்சாரம், மாடியில் உள்ளவனுக்கு விலை மிகுந்த மின்சாரம் என்னும் நிலையே நீடிக்கும். தோட்டங்களை விட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பங்களுள் பல, மலிவுவிலை அடுக்குமாடிகளிலேயே வாழ்கின்றன என்பதை மறத்தலாகாது.

அண்டை நாடாகிய சிங்கப்பூரில் நிலைமை வேறு. கிழக்கிலிருந்து மேற்கே ஐம்பது கிலோமீட்டரே நீளும் தீவில் வழியில் கலன் தீர்ந்துவிடுமோ என்னும் அச்சத்திற்கு இடமில்லை. வண்டி எதுவாயினும் அதனை வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழுக்குப் பெருந்தொகை செலுத்தியே ஆக வேண்டும். மக்களில் பெரும்பாலோர் வாழும் வீவக அடுக்குமாடிகளின் நிறுத்துமிடங்களிலேயே மின்னேற்றிகளை அமைப்பதை அரசு தன் பொறுப்பாகக் கொண்டது. 2040க்குள் எல்லா வண்டிகளும் தூய ஆற்றலில் ஓட வேண்டும் என்பது அந்நாட்டின் இலக்கு. மாடியில் வாழ்வோர்க்கும் வழிசெய்ய இயலும் என்பதற்கு அது சான்று.

இனி மூன்றாம் வினா. மின் வண்டி புகை விடுவதில்லை என்பது உண்மை. ஆனால், தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியாலும் எரிவாயுவாலும் ஆக்கப்படுகிறது. பள்ளி வாசலில் நிற்கும் குழந்தையின் மூச்சுக்கு மின் வண்டி நல்லதே. எனினும் எங்கோ ஒரு புகைபோக்கி புகைந்துகொண்டிருக்கிறது. மின்கலன் செய்வதற்கே மிகுந்த ஆற்றல் செலவாவதால், மின் வண்டி ஒரு கடனுடனேயே பிறக்கிறது. ஓட ஓட அக்கடன் தீர்கிறது. நிலக்கரி மிகுந்த நாட்டில் தீர்வதற்கு நாளாகும். கதிரொளியும் நீராற்றலும் மிகுந்த நாட்டில் விரைவில் தீரும்.

கலனுக்குரிய கோபால்ட்டு கொங்கோ நாட்டுச் சுரங்கங்களிலிருந்து பெருமளவில் வருகிறது. அங்குச் சிறுவர்களும் மண் தோண்டும் அவலம் உலகறிந்தது. கோபால்ட்டு இல்லாத கலன்களும் இன்று பெருகி வருகின்றன. மின்பொறிக் காந்தங்களுக்கு அருமண் தனிமங்கள் வேண்டும். பகாங்கு மாநிலத்துக் கெபேங்கில் அவை பிரிக்கப்படுவதையும், கதிரியக்கக் கழிவைப் பற்றி அங்கு எழுந்த எதிர்ப்பையும் மலேசியர் அறிவர். பெட்ரோலின் வரலாறும் தூயதன்று. 1910இல் சரவாக்கின் மிரியில் முதல் எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்ட காலந்தொட்டு எண்ணெய் இந்நாட்டிற்கு வளத்தைத் தந்தது. உலகிற்கோ அது போர்களையும் வெம்மையையும் சேர்த்தே தந்தது.

இவ்விரு வண்டிகளுக்கும் பொதுவான பொருள் ஒன்றுண்டு. அதுதான் டயர். 1877இல் சிங்கப்பூருக்கு வந்து, கோலகங்சாரிலும் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகள், மகிழுந்து பெருகிய பின்னரே காடழித்து நாடெங்கும் பரவின. அம்மரங்களைச் சீவக் கப்பலேறி வந்தவர்களுள் பெரும்பாலோர் தமிழர். இருள் பிரியாத வேளையில் மரத்தடியில் நின்ற அம்மக்களின் உழைப்பின்மேல்தான் உலகின் மகிழுந்துகள் உருண்டன. உருட்டியவர் ஒருபுறம், ஊர்ந்தவர் மறுபுறம். மின் வண்டி எடை மிகுந்தது. அதனால் டயர் விரைவில் தேய்வதுமுண்டு. எண்ணெய் போனாலும் ரப்பர் போகவில்லை. பயன் ஓரிடத்தும் பாடு ஓரிடத்தும் சேர்வதை அறிந்த இனம், கொங்கோச் சிறுவனின் துயரைப் பிறர் துயர் என்று தள்ள இயலாது.

ஆகவே, மின் வண்டி வாங்குவோரைப் பகட்டினர் என்று இகழ்வதும், பெட்ரோல் வண்டி வைத்திருப்போரைப் பழமையினர் என்று எள்ளுவதும் பொருந்தா. வீட்டில் மின்னேற்ற இடமும், விலைக்கேற்ற வருவாயும், நாள்தோறும் நெடுந்தொலைவு ஓடும் தேவையும் உடையவர்க்கு மின் வண்டி நன்று. இவை இல்லாதவர்க்குச் சிறிய பெட்ரோல் வண்டியை நன்கு பேணி, வேண்டாத ஓட்டத்தைக் குறைத்துக்கொள்வதே இன்றைக்கு ஏற்றது. விலையும் வசதியும் மாறுந்தோறும் இக்கணக்கும் மாறும். அதனால் முடிவை மனப்பாடம் செய்வதினும் கணக்கிடும் முறையைக் கற்பதே மேல். வகுப்பறையில் பெருக்கலும் வகுத்தலும் கற்பிக்கும் ஆசிரியர்கள், இவ்விரு வண்டிகளின் கணக்கையும் ஒருநாள் கரும்பலகையில் எழுதலாம். விளம்பரத்தின் இனிமைக்கு மயங்காமல் எண்ணைக் கேட்கவும், எண்ணுக்கு அப்பால் உள்ள மனிதனை நினைக்கவும் மாணவர் பழகிவிட்டால், நாளை எந்த ஆற்றலில் வண்டி ஓடினாலும் அவர்கள் வழிதவற மாட்டார்கள்.