எஞ்சின் ஒலியும் நம் செவியும்

ஆரணியின் நெசவுத் தெருக்களில் நடப்போர் ஓர் உண்மையை அறிவர். தறியின் ஒலி சீராக இருக்கும்வரை நெசவாளர் அதனைக் கவனிப்பதாகவே தெரியாது. பேசுவார், சிரிப்பார், பிள்ளையை அதட்டுவார். அத்தாளம் சற்றே பிசகினாலோ அவரது கை நின்றுவிடும். பாவு இழை அறுந்ததா, நாடா தடைப்பட்டதா என்று பார்த்த பின்னரே மேற்கொண்டு நெய்வார். பாராமல் நெய்தால் பட்டில் பழுது பெரிதாகும் என்பதை அவர் அறிவார்.

இத்தகைய செவி கார் வைத்திருப்போருக்கும் வேண்டும். சிற்றூர்களுக்கு வண்டியில் சென்று வருபவன் என்ற முறையிலும், பட்டறைகளில் காத்திருந்தபோது மெக்கானிக்குகளிடம் கேட்டறிந்தவன் என்ற முறையிலும் சிலவற்றை இங்கே கூற விழைகிறேன்.

காலையில் வண்டியைக் கிளப்பியதும் 'கீச்' என்ற ஒலி எழுந்தால், பெரும்பாலும் பெல்ட் தளர்ந்திருக்கும் அல்லது தேய்ந்திருக்கும். பல வண்டிகளில் எஞ்சினைக் குளிர்விக்கும் நீரைச் சுழலச் செய்வதும் அதே பெல்ட்தான். அது அறுந்தால் எஞ்சின் கொதித்துவிடும்.

எஞ்சினின் மேற்பகுதியில் 'டிக், டிக்' என்று கேட்பதை டேப்பெட் சத்தம் என்பர். உடனே ஆயிலின் அளவைப் பார்த்தல் வேண்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் சென்றபின் அளவுக்கம்பியை எடுத்துப் பார்க்கலாம். ஆயில் போதிய அளவு இருந்தும் ஒலி நீடித்தால், வால்வுகளின் இடைவெளி கூடியிருக்கக்கூடும்.

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு மலையேறும்போது, தகர டப்பாவில் சில்லறையைக் குலுக்கியது போன்ற ஒலி கேட்டால் அது 'நாக்கிங்'. தீப்பொறியால் பற்றிய சுடர் சீராகப் பரவுமுன், எஞ்சியுள்ள பெட்ரோல் கலவை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் தானே வெடிப்பதால் இது எழுகிறது. தீப்பொறி முந்துதல், உள்ளே கரி படிதல், எஞ்சின் மிகுந்து சூடாதல் ஆகியன இதற்குக் காரணமாகலாம். கியரைக் குறைத்துப் பளுவைத் தணித்து, ஊர் திரும்பியதும் வண்டியைப் பட்டறையில் காட்டுக.

அடிப்பகுதியில் 'தட், தட்' என்று ஆழ்ந்து ஒலித்து, வேகத்தோடு அதுவும் விரைந்தால் நிலைமை கடுமையானது. கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்ததன் அடையாளமாக அது இருக்கலாம். ஆயில் விளக்கும் சிவந்து எரிந்தால், உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுக. "இன்னும் பத்துக் கிலோமீட்டர்தானே" என்று ஓட்டினால், ராடு முறிந்து எஞ்சினையே துளைத்துவிடக்கூடும். வாடகைக் காரை நம்பிய ஒரு குடும்பத்துக்கு, முகூர்த்த மாதத்தில் வண்டி பட்டறையில் கிடந்தால் வருமானம் நிற்கும். கடன் தவணையோ நிற்காது.

சைலன்சர் திடீரென உறுமினால், அதில் ஓட்டை விழுந்திருக்கலாம். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அது வண்டிக்குள் புகுந்தால் உயிருக்கே ஆபத்தாகும். கண்ணாடிகளை இறக்கிவிட்டு, அன்றே பழுது பார்த்தல் நலம்.

ஒலியை அடக்குவது வேறு, காரணத்தைக் களைவது வேறு. 1921 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர் தாமஸ் மிட்ஜ்லி, பெட்ரோலில் ஈயச் சேர்மத்தைக் கலந்தால் நாக்கிங் அடங்கும் எனக் கண்டார். எஞ்சின் அமைதியாயிற்று; ஆனால் புகைவழியே பரவிய ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதித்தது. இந்தியா 2000 ஆம் ஆண்டில் அதைக் கைவிட்டது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021 இல் அதன் விற்பனையை நிறுத்தியது. ஓர் ஒலியை மறைத்ததற்கு உலகம் கொடுத்த விலை அது!

நாமும் சிறிய அளவில் இதனையே செய்கிறோம். எஞ்சினில் புதிய சத்தம் கேட்டால் பாட்டின் ஒலியைக் கூட்டிவிடுகிறோம். மாறாக, வாரம் ஒருமுறையேனும் பாட்டை நிறுத்திவிட்டுச் சிறிது தூரம் ஓட்டிப் பாருங்கள். சத்தம் கேட்டால், அது குளிர்ந்த எஞ்சினிலா, சூடானபின்பா, மேட்டிலா, நிற்கும்போதா என்று குறித்துக்கொண்டு மெக்கானிக்கிடம் கூறுங்கள். நோயாளி தன் வலியைத் தெளிவாகச் சொன்னால் மருத்துவரின் வேலை பாதி முடிந்தது அன்றோ? வண்டிக்காக அதனைச் சொல்ல வேண்டியவர் நாமே.