திருச்சியிலிருந்து கற்பிட்டிக் கரைவழியே

திருச்சிராப்பள்ளிக்கும் கட்டுநாயக்கா விமான நிலையத்திற்கும் இடையே தூரம் எவ்வளவு? மாணவர்கள் அட்டவணை பாராமலே இதைக் கணித்துவிடலாம். திருச்சி வட அகலக்கோடு ஏறக்குறைய 10.8 பாகையிலும், கட்டுநாயக்கா 7.2 பாகையிலும் உள்ளன. வித்தியாசம் 3.6 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் வீதம் தெற்கே 400 கிலோமீட்டர். நெடுங்கோட்டு வித்தியாசத்தால் கிழக்கே 130 கிலோமீட்டர். இவ்விரண்டையும் செங்கோண முக்கோணத்தின் பக்கங்களாகக் கொண்டால், கர்ணம் சுமார் 420 கிலோமீட்டராகும்.

மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கும் ஜெட் விமானத்திற்கு இது அரைமணி நேர வேலைதானே என்று தோன்றும். ஆயினும் பிரயாணம் ஒரு மணி நேர அளவுக்கு நீள்கிறது. ஓடுபாதையில் ஊர்வதும், மேலேறுவதும், வேகத்தைக் குறைத்து இறங்குவதும் நேரத்தைக் கொள்கின்றன. உச்ச வேகத்தில் பறப்பது சிறிது பொழுதே.

இந்த நேர்கோட்டைப் படத்தில் வரைந்து பாருங்கள். அது மன்னார் வளைகுடாவைக் கடந்து, புத்தளம் மாவட்டத்தின் கரையோரமாகவே செல்கிறது. வானம் தெளிந்திருந்தால், இடப்புறச் சாளரத்தில் முதலில் கற்பிட்டித் தீபகற்பம் தோன்றும். அதன் முனையருகே ஒல்லாந்தர் கட்டிய கோட்டை, அப்பால் களப்பு, பின்னர் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி, புத்தளத்து உப்பளங்கள், முந்தல், உடப்பு, சிலாபத்துத் தென்னந்தோப்புகள். கற்பிட்டி தொடங்கிச் சிலாபம் வரை வானில் பத்து நிமிடம். தரையிலோ பாலாவியைச் சுற்றிக்கொண்டு இரண்டு மணி நேரம்.

பாலாவியிலும் விமானத் தளம் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1943இல், பிரித்தானியக் கடற்படை அங்கே 'ராஜாளியா' என்னும் தளத்தை நிறுவியது. சேற்றில் புதைந்த விமானங்களை யானைகளைக் கொண்டு இழுப்பித்தனர் என்பது சுவையான செய்தி. இன்று அத்தளம் இலங்கை விமானப்படையின் வசம் உள்ளது. எனவே திருச்சியிலிருந்து வரும் புத்தளத்தார் தம் ஊரின் அருகே பறந்து சென்று, கட்டுநாயக்காவில் இறங்கி, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் வடக்கே திரும்பிவர வேண்டும். அத்தரைவழி, வானவழியைவிட இருமடங்குக்கு மேல் நேரம் கொள்ளும்!

முன்னோர் கடலைக் கடந்தது காற்றின் தயவால். 1344இல் மாலைத்தீவிலிருந்து சோழமண்டலக் கரையை நாடிப் புறப்பட்ட இபின் பதூதாவின் கப்பல், மூன்று நாளில் முடியவேண்டிய பயணத்தில் ஒன்பது நாள் அலைந்து, புத்தளத்தில் கரைசேர்ந்தது. வழிதவறி வந்த அவர் அங்கே ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டார். அவருதவியோடு சிவனொளிபாத மலையையும் தரிசித்தார். உடப்பு மக்களின் மூதாதையரும் இராமநாதபுரக் கரையிலிருந்து இக்கடலைத் தாண்டி வந்தவர்களே. தாய்மொழியையும் திரௌபதை அம்மன் வழிபாட்டையும் தீமிதிப்பையும் அவர்கள் வழிவந்தோர் இன்றும் பேணுகின்றனர்.

ஒரு மணி நேரப் பயணம் ஊர்களை அருகாக்கியிருக்கிறது. ஆனால் இடையிலுள்ள கரையை நம் பிள்ளைகளின் கண்ணிலிருந்து மறைத்தும்விட்டது. கட்டுநாயக்காவை அறிந்த பிள்ளை கற்பிட்டியை அறியாதிருப்பது குறையேயாகும். அடுத்த முறை செல்வோர் இடப்புற இருக்கையைக் கேட்டுப் பெறுக. பிள்ளைகளின் கையில் ஒரு தேசப்படத்தையும் கொடுத்து, கீழே தோன்றும் ஊர்களைப் பெயர் சொல்லி அடையாளம் காணச் செய்க.