இரவில் மூச்சுவிடும் செடி

சீடம் என்பது பாறை இடுக்கிலும் சுவர் வெடிப்பிலும் வேர் பிடித்து, தடித்த இலைகளில் நீரைச் சேமித்து வாழும் சதைப்பற்றுச் செடி. கைப்பிடி மண் இருந்தால் போதும், பாய் விரித்தாற்போலப் படர்ந்துவிடும். பூக்கள் சிறு நட்சத்திரங்களைப் போல மஞ்சளாகவோ வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ கொத்துக் கொத்தாக மலரும். கிராசுலேசி என்னும் குடும்பத்தில் உள்ள ஏறக்குறைய 1,400 இனங்களில் 400க்கும் மேற்பட்டவை சீடங்களே. ஆந்திரத்தில் திருப்பதிக்கு அருகே உள்ள பாகாலாவில் இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பலருக்குத் தெரியாது. நர்சரிகளில் 'சக்குலண்ட்' என்ற பொதுப் பெயரில்தான் விற்கிறார்கள். ஆனால் அதன் பங்காளிச் செடி ஒன்று இங்கே எல்லோருக்கும் பழக்கமானது. தெலுங்கில் ரணபாலா, தமிழில் ரணகள்ளி. கிள்ளிப் போட்ட இலையின் ஓரமெல்லாம் குட்டிகள் முளைக்குமே, அதே செடி.

சீடங்களில் பல குளிர்நாட்டவை. ஐரோப்பாவின் கற்சுவர்களில் படரும் சீடம் ஆக்ரே, சீடம் ஆல்பம் ஆகியவை உறைபனியைப் பொருட்படுத்தாதவை. இந்தியாவுக்குள்ளும் இத்தகையவை உண்டு. முன்பு சீடமாகவே கருதப்பட்டு இப்போது தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்ட ஹைலோடெலிஃபியம் எவர்சி, லடாக்கிலும் இமாசலத்தின் உயர்ந்த பள்ளத்தாக்குகளிலும் பாறைச் சரிவுகளில் இளஞ்சிவப்பாகப் பூக்கிறது. லடாக்கில் 'சோலோ' என்று இளந்தளிரைச் சமைத்துச் சாப்பிடும் ரோடியோலாவும் இதே குடும்பம்தான். லே நகரில் உள்ள பாதுகாப்புத் துறையின் உயர்மலை ஆய்வு நிறுவனம் அதை ஆராய்ந்து வருகிறது. லே பகுதியில் ஓராண்டுக்குப் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து 100 மில்லிமீட்டர் அளவுதான். பனிக்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்கு 20 டிகிரி கீழேயும் இறங்கும். குளிரும் வறட்சியும் ஒன்றாக வரும் இடம்தான் இச்செடிகளின் பிறந்த வீடு.

அந்தக் குளிரைத் தாங்க இவை முன்கூட்டியே ஆயத்தமாகின்றன. பகல் குறுகி இரவு சில்லென்று ஆனதும் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். திசுக்களில் நீர் குறைந்து சர்க்கரை கூடும். சர்க்கரை கலந்த சாறு எளிதில் உறைவதில்லை. உறைந்தாலும் பனிப்படிகம் செல்லுக்கு வெளியே உள்ள இடைவெளியில்தான் உருவாகும், செல் கிழியாது. பச்சை மாறாத வகைகளில் இலை சுருங்கிச் செம்மை படரும். உயரமாக வளரும் ஹைலோடெலிஃபியம் வகைகள் தண்டைக் காயவிட்டு, தரையோடு ஒட்டிய மொட்டுகளில் உயிரை வைத்துக்கொண்டு தூங்கும்.

ஆகவே குளிர்நாட்டில் சீடத்தைக் குளிர் கொல்வது அரிது. வடியாத நீர்தான் கொல்லும். டொராண்டோவின் ஸ்கார்பரோ போன்ற தமிழர் நிறைந்த பகுதிகளில் முன்றில் தோட்டம் போடுவோர்க்கும் முறை இதுதான்: மேட்டுப் பாத்தி, சரளை கலந்த மண், முழு வெயில். கோடை முடிவில் உரம் கூடாது. உரம் விழுந்தால் பனிக்கு முன்னால் இளந்தளிர் விட்டு அது கருகும். காய்ந்த தண்டுகளைப் பனிக்காலம் முழுவதும் அப்படியே விட்டு, வசந்தத்தில் அடியில் குருத்து தெரிந்த பிறகு நறுக்க வேண்டும். மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கிழங்கைப் பிரித்து நட்டால் நடுவில் சொட்டை விழாது. டொராண்டோ மாநகராட்சி 2009இல் பெரிய கட்டடங்களுக்குப் பசுமைக்கூரையைக் கட்டாயமாக்கியது. அத்தகைய கூரைகளில் முதலில் தேர்ந்தெடுக்கப்படுவது சீடமே. நான்கு விரற்கடை மண்ணில் பனியையும் கோடையையும் கடந்து நிற்கும் செடிகள் வேறு அதிகம் இல்லை.

இந்தக் குடும்பத்தின் உண்மையான ரகசியம் இரவில் இருக்கிறது. மற்ற செடிகள் பகலில் இலைத்துளையைத் திறந்து காற்றில் உள்ள கரியமில வாயுவை எடுக்கும். அப்போது நீரும் ஆவியாகப் போய்விடும். ரணகள்ளி போன்றவை பகலில் துளையை மூடி, இரவில் திறக்கின்றன. உள்ளே வந்த வாயுவை மாலிக் அமிலமாக்கி இலைக்குள் அடைத்து வைக்கின்றன. விடிந்ததும் துளையை மூடிக்கொண்டு, அந்த அமிலத்தைப் பிரித்து, வெயிலின் உதவியால் உணவு சமைக்கின்றன. இந்த முறைக்குக் குடும்பத்தின் பெயரையே வைத்துக் கிராசுலேசியன் அமில வளர்சிதைமாற்றம் என்கிறார்கள்.

இதை நாக்கால் முதலில் கண்டு எழுதியவர்களில் ஒருவர் தென்னிந்தியாவில் வேலை பார்த்த பெஞ்சமின் ஹைன். தரங்கம்பாடிக்கு மொரேவியன் சபை ஊழியராக வந்த ஜெர்மானியர்; பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராகி, ஆந்திரத்தின் சாமர்லகோட்டாவிலும் பெங்களூர் லால்பாகிலும் பணியாற்றி, 1819இல் சென்னையில் இறந்தார். ரணகள்ளி இலை காலையில் புளிக்கிறது, நடுப்பகலில் சப்பென்று ஆகிறது, மாலையில் லேசாகக் கசக்கிறது என்று 1813இல் லாம்பர்ட் என்பவருக்குக் கடிதம் எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் 1815இல் அது வெளிவந்தது. இதை எந்த வீட்டுக் கொல்லையிலும் சோதித்துப் பார்க்கலாம். விடியற்காலையில் இலையின் ஒரு மூலையைக் கிள்ளி நாக்கு நுனியில் வைத்தால் புளிச்சைக்கீரையின் புளிப்பு சுள்ளென்று ஏறும். அதே இலையின் மறுமூலையைப் பிற்பகல் மூன்று மணிக்குத் தொட்டால் வெறும் தண்ணீர். நாக்கில் வைத்ததைத் துப்பிவிட வேண்டும். ரணகள்ளியில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. மாடும் ஆடும் மேயாதபடி வைப்பது நல்லது.

சீடங்களில் பல இன்னும் சூட்சுமமானவை. ஈரம் இருக்கும்போது சாதாரணச் செடிபோலப் பகலில் மூச்சுவிட்டு வேகமாக வளரும். மண் காய்ந்ததும் இரவு முறைக்கு மாறும். இரண்டுக்கும் பொதுவான தேவை ஒன்று: இரவு குளிர்ந்திருக்க வேண்டும். இரவும் புழுங்கினால் இலைத்துளை சரியாகத் திறக்காது. பகலில் சேர்த்த உணவையும் செடி இரவிலேயே செலவழித்துவிடும். சீடம் வெயிலில் வாடுகிறது என்று நினைத்து நிழலுக்கு மாற்றுவோர் தவறவிடும் இடம் இது. பகல் 38 டிகிரி ஆனாலும் இரவு 20 ஆக இறங்கினால் பிழைக்கும். பகல் 34, இரவு 28 என்றால் திணறும்.

பாகாலாவை இந்தக் கணக்கில் பார்க்க வேண்டும். காட்பாடி, திருப்பதி, தர்மாவரம் ஆகிய மூன்று பக்கத்து ரயில் பாதைகளும் கூடும் ஊர். சுற்றிலும் கருங்கல் குன்றுகள், மாந்தோப்புகள். கடலிலிருந்து தள்ளி உள்நாட்டில் இருப்பதால் டிசம்பர், ஜனவரி இரவுகள் 20 டிகிரிக்குக் கீழே இறங்கும். சென்னைக்காரருக்கு அரிதான கொடுப்பினை அது. மே மாதத்தில் பகல் 40ஐத் தாண்டும். இரவும் சூடு விடாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, இடையிடையே புயல். உறக்கத்துக்கு உறைபனி கேட்கும் ஹைலோடெலிஃபியம் வகைகளுக்கு இந்த ஊரில் தூங்கவே வழியில்லை. முதல் ஆண்டு வாழும். இரண்டாம் ஆண்டு குருத்து மெலியும். பிறகு காணாமல் போகும். அவற்றைச் சமவெளியில் வைத்து வருந்துவதில் பயனில்லை. மதனபள்ளிக்கு அருகே 1,265 மீட்டர் உயரத்தில் உள்ள ஹார்ஸ்லி ஹில்ஸிலேயே உறைபனி அரிது. குளிர்கால உறைபனி விழும் ஊட்டியில் கொஞ்சம் முயன்று பார்க்கலாம்.

பாகாலாவுக்குப் பொருந்துபவை வெப்பம் பழகிய உறவுகள். மெக்சிகோ வழி வந்த சீடம் மெக்சிகானம், ஜெல்லி மிட்டாய் போன்ற இலை கொண்ட சீடம் ரூப்ரோடிங்டம், தொங்குதொட்டியில் வளரும் கழுதைவால் எனப்படும் சீடம் மார்கனியானம் ஆகியவை காலை வெயில் கிடைத்தால் தாக்குப்பிடிக்கும். கலஞ்சோ வகைகள் இன்னும் உறுதியானவை. கொத்தாகப் பூக்கும் கலஞ்சோ பிளாஸ்ஃபெல்டியானாவுக்கு மொட்டு விட நீண்ட, இடையறாத இருட்டு வேண்டும். தெருவிளக்கோ வாசல் பல்போ இரவு முழுவதும் அதன் மேல் விழுந்தால் மார்கழி போய்த் தை வந்தாலும் வெறும் இலையாகவே நிற்கும். தொட்டியைச் சுவருக்கு அந்தப் பக்கம் நகர்த்தினால் போதும்.

வைக்கும் இடத்தையும் இரவை வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும். மொட்டைமாடிக் காங்கிரீட் பகலில் குடித்த சூட்டை நள்ளிரவு வரை கக்கும்; அதன் மேல் நேராக வைத்த தொட்டிக்கு இரவே கிடையாது. வீட்டின் கிழக்குப் பக்கத்தில் தரையோடு ஒட்டிய இடம் மேலானது. மாடிதான் உண்டு என்றால் செங்கல் அடுக்கியோ இரும்புத் தாங்கியிலோ ஒரு முழம் உயர்த்தி, காற்று அடியில் ஓடும்படி வைக்க வேண்டும். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி வேரை வேகவைக்கும். சுட்ட மண்தொட்டி, தண்ணீர்ப் பானை குளிர்வதுபோலவே, சுவரில் கசியும் ஈரத்தால் வேரைக் குளிர வைக்கும். ஆழம் ஒரு சாண் போதும். அடித் துளை விரல் நுழையும் அளவு இருக்க வேண்டும்.

மண்கலவைக்குச் செம்மண் ஒரு பங்கு, பருமணலோ கருங்கல் சில்லோ இரண்டு பங்கு, மக்கிய இலை உரம் அரைப் பங்கு. பாகாலா அருகே குன்றுகளில் பிறந்து காளஹஸ்தி வழியாகக் கடலுக்குப் போகும் சுவர்ணமுகியின் மணலைப்போலக் கரகரப்பாக இருந்தால் சரி. எம்-சாண்ட் பயன்படுத்துவோர் அதைச் சலித்து, மாவுபோன்ற தூளை நீக்க வேண்டும். தூள் நனைந்தால் சிமெண்டுபோல இறுகி வேரின் மூச்சை அடைக்கும். கடையில் வாங்கும் செடிகளில் பல காலிம்போங் போன்ற குளிர்ந்த மலையூர் நர்சரிகளில் தேங்காய் நார்க்கழிவில் வளர்ந்தவை. அந்த நார் ஒருமுறை நனைந்தால் வாரக்கணக்கில் காயாது. வாங்கி வந்ததும் வேரிலிருந்து அதை மெல்ல உதிர்த்துவிட்டு, இரண்டு நாள் நிழலில் ஆறவைத்து, காய்ந்த கலவையில் நட்டு, ஐந்தாறு நாள் கழித்து முதல் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

தண்ணீருக்கு நாள்கணக்கு வைக்கக் கூடாது. செடியைக் கேட்டு ஊற்ற வேண்டும். அடியிலைகள் தொய்ந்து, தோல் சுருங்கி, தண்டு மட்டும் விறைப்பாக நின்றால் தாகம். இலை கண்ணாடிபோல ஒளி ஊடுருவி, தொட்டதும் கொழகொழவென்று உதிர்ந்தால் அது மிகுநீர். இரண்டும் தூரத்திலிருந்து ஒன்றுபோல வாட்டமாகத்தான் தெரியும். வாட்டத்தைக் கண்டு குடம் சாய்க்கும் கைதான் அதிகச் செடிகளைக் கொல்கிறது. தொட்டியைத் தூக்கிப் பார்ப்பது நல்ல பழக்கம். காய்ந்த தொட்டியின் கனம் ஒரு மாதத்தில் கைக்குப் பழகிவிடும். தை, மாசியில் வாரம் அல்லது பத்து நாளுக்கு ஒருமுறை, துளை வழியே வடியும்வரை ஊற்றலாம். சித்திரை, வைகாசியில் செடி வளர்ச்சியை நிறுத்தியிருக்கும். பொழுது சாய்ந்து மண் ஆறிய பிறகு கொஞ்சமாக ஊற்றினால் போதும். உச்சிவெயிலில் ஊற்றிய நீர் தொட்டிக்குள் கஞ்சியாகக் கொதிக்கும்.

மழைக்காலம்தான் பெரிய சோதனை. 2021 நவம்பரில் திருப்பதி வட்டாரத்தில் கொட்டி, சுவர்ணமுகி கரைபுரண்டது போன்ற மழையில் திறந்தவெளித் தொட்டிகள் தாங்காது. ஐப்பசி பிறக்கும் முன்பே தொட்டிகளை ஓட்டுச் சாய்ப்புக்கோ, ஒளி ஊடுருவும் ஷீட் போட்ட பந்தலுக்கோ மாற்றிவிட வேண்டும். பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். நான்கு புறமும் பாலிதீன் கட்டினால் புழுக்கமே மழையின் வேலையைச் செய்துவிடும். அந்த மூன்று மாதமும் இலை சுருங்கினால் மட்டும் கொஞ்சம் ஊற்றலாம். காற்றில் ஈரம் இருப்பதால் இலை நீரை மெதுவாகத்தான் இழக்கும். நிழலில் வெகுநாள் இருந்தால் தண்டு ஒளியைத் தேடி நெட்டையாக இழுக்கும். மழை ஓய்ந்ததும் ஒரேயடியாக வெயிலுக்குக் கொண்டுவராமல், நாளுக்கு ஒரு மணி நேரமாகப் பழக்க வேண்டும்.

பெருக்குவதற்குத் தை, மாசி உகந்தது. நெட்டையாகிப் போன தண்டை இரண்டு அங்குலத் துண்டாக நறுக்கி, அடியிலைகளைக் கிள்ளி, வெட்டுவாய் தோல் கட்டும்வரை நான்கைந்து நாள் நிழலில் போட வேண்டும். பிறகு மண்ணில் செருகி, வேர் வரும்வரை லேசாகத் தெளித்தால் போதும். சீடத்தின் இலை, அடிப்பகுதி சிதையாமல் முழுதாகக் கழன்றால்தான் முளைக்கும். பாதியில் பிய்ந்தது அழுகும். வெட்டிய அன்றே நடுவதும், நட்டதும் நிறையத் தண்ணீர் விடுவதும் புதியவர்களின் வழக்கமான தவறு.

பூச்சிகளில் மாவுப்பூச்சிதான் தொல்லை. இலைக்கக்கத்தில் பஞ்சுத் திட்டாகத் தெரியும். எறும்பு வரிசை தொட்டியில் ஏறினால் அது வரப்போகிறது என்று அறியலாம். ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சுக்குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுக்கலாம். பரவிவிட்டால் வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் தெளிக்கலாம். வெயிலில் தெளித்தால் இலை கருகும். இலைமேல் வெண்பொடி பூசிய வகைகளில் எண்ணெய் பட்டால் அந்தப் பொடி போய்விடும், திரும்ப வராது. தண்டின் அடி கறுத்தால் மருந்து தேட நேரமில்லை. கறுப்பு முடிந்து உள்சதை வெள்ளையாகத் தெரியும் இடம்வரை மேலே மேலே நறுக்கி, மேல்பகுதியை உலர்த்தி நட வேண்டும். பழைய மண்ணையும் தொட்டியில் மறுபடி போடக் கூடாது.

இப்படி ஒரு கத்திரி வெயிலையும் ஒரு கார்த்திகை மழையையும் கடந்த செடியின் தண்டுகளையே அடுத்த தைக்கு வெட்டிப் பெருக்க வேண்டும். மலையிலிருந்து வந்த தாய்ச்செடி ஒருவேளை போனாலும், அந்தத் துண்டுகள் முதல் நாளிலிருந்தே பாகாலாவின் இரவில் வளர்ந்திருக்கும்.