இளைப்பாறும் இடம்

தேர்த் திருவிழாவிற்குச் சென்று திரும்பிய சிறுவன் ஒருவனை, "அங்கே என்ன கண்டாய்?" என்று கேட்டுப் பாருங்கள். தேரைக் கண்டேன், யானையைக் கண்டேன், வாணவேடிக்கையைக் கண்டேன் என்று அவன் அடுக்கிக்கொண்டே போவான். அதே சிறுவனை ஐம்பது ஆண்டுகள் கழித்துக் கேளுங்கள். தேரின் உயரத்தை அவன் மறந்திருப்பான். பொரியும் கடலையும் கட்டிக் கொடுத்த காகிதப் பொட்டலத்தையும், குளத்தங்கரை அரசமரத்தடியில் பாட்டியின் மடிமீது தலைவைத்துப் படுத்ததையும் மறந்திருக்கமாட்டான். இது எனக்கு என் அறுபத்தைந்தாம் வயதில், கடல் கடந்த நாட்டில், சற்றுக் கடுமையான முறையிலேயே விளங்கிற்று.

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் அனஹைம் என்னும் ஊர் இருக்கிறது. அவ்வூரில் ஆரஞ்சுத் தோட்டங்களாய் இருந்த 160 ஏக்கர் நிலத்தை வாங்கி, ஏறக்குறைய ஓராண்டிலேயே ஒரு கேளிக்கைப் பூங்காவை எழுப்பினார் வால்ட் டிஸ்னி. மிக்கி எலியின் கேலிச்சித்திரப் படங்களால் உலகப் புகழ் பெற்றவர் அவர். டிஸ்னிலாந்து என்னும் அப்பூங்கா 1955ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 17ஆம் நாள் திறக்கப்பட்டது. வெறும் இராட்டினங்களின் கூட்டமன்று அது. ஒரு பகுதிக்குள் நுழைந்தால் பழைய அமெரிக்கக் கடைத்தெரு. மற்றொன்றுக்குள் நுழைந்தால் அடர்ந்த கானகம். இன்னொன்றுக்குள் நுழைந்தால் தேவதைக் கதைகளின் கோட்டை. இவ்வாறு பகுதிக்கு ஒரு கருப்பொருளை வைத்து அமைத்த பூங்காக்கள் இன்று உலகின் பல நாடுகளில் உள்ளன.

திறப்பு நாளன்று அங்கே வெயில் கொளுத்தியது. குழாய்த் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தினால் குடிநீர்க் குழாய்கள், கழிப்பறைகள் ஆகிய இரண்டில் ஒன்றை மட்டுமே முடிக்க இயலும் என்னும் நிலை ஏற்பட்டது. டிஸ்னி கழிப்பறைகளையே தேர்ந்தெடுத்தார். ஆகவே வந்தவர்கள் தாகத்தால் தவித்தனர். புதிதாகப் போட்ட தார் இளகிப் பெண்களின் காலணிக் குதிகள் அதில் புதைந்தனவாம். மனிதன் களிப்பதற்கு முன் அவனுக்குத் தண்ணீரும் நிழலும் வேண்டும் என்பதை அந்நாள் அனைவருக்கும் காட்டியிருக்கும். இன்றோ அங்குள்ள உணவுச்சாலைகளில் கேட்டால் ஒரு குவளைக் குளிர்நீரை விலையின்றியே தருகின்றனர்.

2019ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நானும் என் தமக்கையாரும் அப்பூங்காவிற்குச் சென்றோம். என் மகன் அருகிலுள்ள ஊர் ஒன்றில் பணியாற்றி வந்தான். அவன் எங்களைக் காலையில் வாயிலில் இறக்கிவிட்டு, "இரவு வந்து அழைத்துச் செல்கிறேன், அப்பா" என்று கூறிச் சென்றான். தமக்கையாருக்கு அப்போது வயது எழுபத்திரண்டு. தாயை இளமையிலேயே இழந்த என்னை வளர்த்தவர் அவரே. ஆயினும், அன்று காலை அதை நான் நினைத்தேனில்லை. நுழைவுச் சீட்டின் விலையையே நினைத்தேன். ஆளுக்கு நூறு டாலருக்கு மேல்! அதனை உரூபாய்க் கணக்கில் பெருக்கிப் பார்க்கும் கெட்ட வழக்கம் நம்மவர்க்கு உண்டு. எனக்குச் சற்று மிகுதியாகவே உண்டு. ஒரு நிமிடமும் வீணாகலாகாது என்று கருதி, பார்க்கவேண்டியவற்றை நேர வரிசைப்படி எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். அப்பட்டியலில் உணவுக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருந்தேன். அமர்வதற்கு ஒரு நிமிடமும் ஒதுக்கவில்லை.

வாயிலில் பைகளைச் சோதித்தனர். தமக்கையாரின் துணிப்பையிலிருந்து மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்டலிகள் வெளிவந்தன. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. காவலரோ ஒருமுறை பார்த்துவிட்டுப் புன்னகையுடன் மூடிக் கொடுத்தார். கண்ணாடிக் கலங்களில் இல்லாத எளிய உணவை உள்ளே கொண்டுசெல்ல அங்கே தடையில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். தமக்கையார் இதையெல்லாம் பொருட்படுத்தாமல், "பசித்தால் உனக்கும் தருவேன்" என்றார்.

காலை முழுவதும் விரைந்தோம். எதனைக் கண்டோம் என்று இப்போது கேட்டால் என்னால் ஒழுங்காகச் சொல்ல இயலாது. நண்பகல் நெருங்கும்போது நியூ ஆர்லியன்ஸ் சதுக்கம் என்னும் பகுதியை அடைந்தோம். 1966ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அப்பகுதியில் இரும்புப் பூவேலைப்பாடு அமைந்த மேல்மாடங்களும், ஆற்றைப் போல் வெட்டப்பட்ட நீர்நிலையும் உள்ளன. வெண்ணிற நீராவிப் படகு ஒன்று மெல்ல அந்நீரைச் சுற்றி வரும். கடற்கொள்ளையர் குகைக்குள் ஓடத்தில் செல்லும் புகழ்பெற்ற காட்சியும் அங்கேதான் இருக்கிறது. அதன் வாயிலில் நீண்ட வரிசை நின்றது. அவ்வரிசையைக் கண்டதும் தமக்கையார் ஒரு பெஞ்சியில் அமர்ந்துவிட்டார்.

"தம்பி, என் முழங்கால் இனி என் சொல்லைக் கேளாது. நீ போய்ப் பார்த்துவிட்டு வா. நான் இங்கேயே இருக்கிறேன்" என்றார்.

"இவ்வளவு பணம் கொடுத்து வந்தது பெஞ்சியில் உட்காரவா, அக்கா?" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. நான் சினத்தோடு சென்று வரிசையில் நின்றேன். அந்தச் சொல் இன்றும் என் நெஞ்சை உறுத்துகிறது.

வரிசையும் ஓடமுமாக ஒரு மணி நேரம் கழிந்தது. வெளியே வந்து பார்த்தேன். பெஞ்சியில் தமக்கையார் இல்லை, துணிப்பையும் இல்லை. முதலில் நான் அஞ்சவில்லை. தண்ணீர் குடிக்கச் சென்றிருப்பார் என்று எண்ணினேன். பத்து நிமிடம் ஆயிற்று. ஆற்றங்கரை நெடுகப் பார்த்தேன், உணவுச்சாலைகளில் பார்த்தேன். அவரிடம் கைப்பேசி இல்லை. ஆங்கிலத்தில் தம் பெயரைச் சொல்வதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. என் மகனின் வீட்டு முகவரி என் பையில் இருந்ததேயன்றி அவர் பையில் இல்லை. ஆயிரக்கணக்கான முகங்கள் என்னைக் கடந்து சென்றன. ஊழியப் பெண் ஒருத்தியிடம், "நீலப் புடவை உடுத்த முதிய பெண்மணி" என்று சொல்லத் தொடங்கி, புடவையை எவ்வாறு விளக்குவது என்று தெரியாமல் கைகளால் காற்றில் சுற்றிக் காட்டினேன். அவள் பொறுமையோடு கேட்டுத் தன் கருவியில் யாருடனோ பேசினாள்.

அப்போது ஊதல் ஒலி கேட்டது. சதுக்கத்தின் ஓரத்தில் ஒரு சிறு இரயில் நிலையம் இருப்பதை நான் அப்போதுதான் கவனித்தேன். பூங்காவைச் சுற்றிவரும் நீராவி இரயில் வந்து நின்றது. அதன் பெட்டிகளுள் ஒன்றில், முன் வரிசையில், மடிமீது துணிப்பையை வைத்துக்கொண்டு அரசியைப் போல் அமர்ந்திருந்தார் என் தமக்கையார். என்னைக் கண்டதும் கையசைத்தார்.

"இரண்டு சுற்று வந்துவிட்டேன், தம்பி! யாரும் சீட்டுக் கேட்கவில்லை" என்றார்.

எனக்குக் கண்ணீர் வந்தது. அதனை வெயிலின்மேல் பழிபோட்டுத் துடைத்துக்கொண்டேன். அந்த ஊழியப் பெண் எங்கள் இருவரையும் பார்த்துக் கைதட்டினாள்.

மீண்டும் அதே பெஞ்சியில் அமர்ந்தோம். தமக்கையார் இட்டலியை எடுத்து என் கையில் வைத்தார். குளிர்ந்து போன இட்டலிதான். எனினும், அதன் சுவையை நான் என்னென்பேன்! மிளகாய்ப்பொடி ஊறி, எண்ணெய் இறங்கி, பயணத்திற்கென்றே பிறந்த உணவன்றோ அது! நான்கு இட்டலி தின்ற பின்னரே, "ஏன் எழுந்து போனீர்கள்?" என்று கேட்டேன்.

"சத்தம் கேட்டது" என்றார் அவர்.

"என்ன சத்தம்?"

"தந்திச் சத்தம். கேட்டுப் பார்."

கூர்ந்து கேட்டேன். நிலையத்தின் பக்கமிருந்து, கூட்டத்தின் இரைச்சலுக்கிடையே, கட்டுக் கட்டென்று ஓர் ஒலி வந்துகொண்டிருந்தது. அதன் வரலாற்றைப் பின்னர் அறிந்தேன். திறப்பு விழாவன்று டிஸ்னி ஆற்றிய உரையின் தொடக்கம் அங்கே தந்திக் குறியீட்டில் ஓயாமல் தட்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அறியாதவர்க்கு அது வெறும் ஓசை. தமக்கையாருக்கோ அவ்வாறன்று. என் அத்தான் தந்தி அலுவலகத்தில் பணியாற்றியவர். அலுவலகத்தின் பின்கட்டிலேயே அவர்கள் குடியிருந்தார்கள். தந்திக் கருவியின் ஒலியைக் கேட்டுக்கொண்டே தமக்கையார் இருபது ஆண்டுகள் சமைத்தார், அவ்வொலியிலேயே உறங்கினார். அத்தான் மறைந்து நெடுங்காலம் ஆயிற்று. 2013ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நம் நாட்டில் தந்திப் பணியே நிறுத்தப்பட்டுவிட்டது. இனி எங்கும் கேட்க இயலாது என்று அவர் எண்ணியிருந்த ஒலி, உலகின் மறுகோடியில், ஒரு விளையாட்டு நிலையத்தில் அவரை அழைத்திருக்கிறது. எழுந்து போனார், நடைமேடையில் நின்று கேட்டார், வண்டி வந்ததும் எல்லாரோடும் ஏறிவிட்டார்.

"வழியிலே பெரிய பள்ளத்தாக்கைக் காட்டினார்கள். பிறகு பூதம் பூதமாய்ப் பல்லிகள். ஆனால் நான் வண்டி இங்கே வந்து நிற்பதற்காகத்தான் இரண்டாம் முறையும் உட்கார்ந்திருந்தேன்" என்றார்.

நான் பட்டியலை எடுக்கவில்லை. அதன்பின் எங்கே நிழல் இருந்ததோ அங்கே சென்றோம்.

இளைப்பாற விரும்புவோர்க்கு அப்பூங்காவில் இடங்கள் பல இருக்கின்றன. கோட்டைக்குக் கிழக்கே வெண்பனி இளவரசியும் ஏழு குள்ளர்களும் சிலைகளாய் நிற்கும் ஒரு சிற்றருவி உள்ளது. இளவரசியின் சிலையும் குள்ளர்களின் அளவே இருந்தமையால், அவளை அருவியின் உச்சியில், தொலைவில் நிற்பவள்போல் நிறுத்திவிட்டனர். குறையை அழகாக மாற்றிய அந்த அறிவை வியந்துகொண்டு, நீரொலியைக் கேட்டவாறு அங்கே அரைமணி நேரம் இருந்தோம்.

பின்னர் பறவைகள் பாடும் கூடத்திற்குச் சென்றோம். கூரை வேய்ந்த குளிர்ந்த கூடம் அது. 1963ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அதனை முதலில் உணவுச்சாலையாக அமைக்கவே எண்ணினார்களாம். இயந்திரப் பறவைகளின் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தால் உண்பவர் எழுந்திருக்கவே மாட்டார் என்று அஞ்சினார்களோ என்னவோ, அவ்வெண்ணத்தைக் கைவிட்டு வெறும் காட்சியாக்கினார்கள். ஆயினும், அதன் பக்கத்துக் கடையில் அன்னாசிப்பழச் சுவையுள்ள மென்மையான பனிக்குழைவு ஒன்றை விற்கின்றனர். அங்கே வருவோர் பலரும் அதை வாங்காமல் போவதில்லை. பாலேடு சேராத அந்தப் பனிக்குழைவின் இனிப்பும் புளிப்பும் வெயிலில் காய்ந்த நாவிற்கு அமுதம். தமக்கையார் முதல் வாயிலேயே பல் கூசிக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கிண்ணத்தை என்னிடம் தரவேயில்லை.

சுரோ என்னும் பலகாரத்தை மட்டும் அவர் ஐயத்தோடு பார்த்தார். மாவை நட்சத்திர அச்சில் பிழிந்து, ஒரு முழ நீளத்திற்குப் பொரித்து, சர்க்கரையிலும் இலவங்கப்பட்டைப் பொடியிலும் புரட்டிய தின்பண்டம் அது. "முள்ளு முறுக்கைச் சுற்றத் தெரியாமல் நீட்டிவிட்டார்கள்" என்பது அவருடைய தீர்ப்பு. "பொரித்த பக்குவம் குற்றமில்லை, பட்டைதான் கூடிவிட்டது." ஆனாலும் காகித உறையின் அடியில் தங்கிய சர்க்கரையை விரலால் தொட்டு உண்டதை நான் பார்த்தேன்.

மாலையில் வாயிலை நோக்கித் திரும்பும்போது கடைத்தெருவின் முனையிலுள்ள நாடகக் கட்டடத்திற்குள் நுழைந்தோம். உட்கார இடம் இருக்கும் என்பதே காரணம். அங்கே ஒரு பழைய பூங்கா பெஞ்சியைக் காட்சிப் பொருளாய் வைத்திருந்தனர். குறிப்பைப் படித்துத் தமக்கையாருக்குச் சொன்னேன். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கிரிபித் பூங்காவில் ஒரு குதிரை இராட்டினம் உண்டு. டிஸ்னி தம் இரு பெண்களையும் அதில் ஏற்றிவிட்டு, வேர்க்கடலையைக் கொறித்தபடி பெஞ்சியில் அமர்ந்திருப்பார். குழந்தைகளும் பெற்றோரும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்னும் எண்ணம் அவ்வாறு அமர்ந்திருந்தபோதுதான் அவருக்குத் தோன்றியதாம். இவ்வளவு பெரிய பூங்காவும் அவ்வெண்ணத்திலிருந்தே பிறந்தது.

"கடலை தின்றுகொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாரா?" என்று கேட்டார் தமக்கையார்.

"ஆம்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. வெளியே இரயிலின் ஊதல் கேட்டது. பூங்காவின் முதல் நிலையம் மிக அருகில் இருந்தது.

"அந்தத் தந்தி நிலையத்திற்கு இந்த வண்டியும் போகுமல்லவா?" என்றார்.

படிகளில் அவருடைய கையைப் பிடித்து ஏற்றினேன். அடுத்த வண்டிக்குச் சில நிமிடங்கள் இருந்தன. நடைமேடைப் பெஞ்சியில் நான்தான் முதலில் அமர்ந்தேன்.