நிஞ்ஜாக் கலை: அங்கீகரிக்க வேண்டியது எதை?

புஜின்கான் என்பது மசாக்கி ஹட்சுமி 1970களில் ஜப்பானில் நிறுவிய தற்காப்புக்கலை அமைப்பு. சிபா மாகாணத்தின் வடமேற்கு மூலையில், சோயா சாஸுக்குப் பேர்போன நோடா நகரம் அதன் தாயகம். ஹட்சுமி அந்த ஊரில் எலும்பு, மூட்டு வைத்தியம் பார்த்து வந்தவர். 1950களின் பிற்பகுதியில் நாரா பகுதியில் வாழ்ந்த தகாமட்சு தோஷித்சுகுவிடம் சீடராகச் சேர்ந்து, பல வருடங்கள் ரயிலில் போய் வந்து பாடம் கேட்டார். 1972இல் தகாமட்சு காலமானார். அவரிடமிருந்து ஒன்பது பழைய பள்ளிகளின் தலைமை ஹட்சுமிக்கு வந்ததாகப் புஜின்கான் சொல்கிறது. அந்த ஒன்பதில் நிஞ்ஜா மரபு என்று சொல்லிக்கொள்பவை மூன்றே. மற்ற ஆறும் சாமுராய் காலத்துப் போர்முறைகள். இன்று உலகெங்கும் நிஞ்ஜாக் கலை என்ற பெயரில் கற்பிக்கப்படுவதில் பெரும்பகுதி இங்கிருந்தோ, இதிலிருந்து பிரிந்த கென்புகான், ஜினென்கான் போன்ற அமைப்புகளிலிருந்தோ வந்ததுதான்.

வகுப்பு மண்டியிட்டு அமர்வதில் தொடங்குகிறது. ஆசான் ஒரு வாசகத்தைச் சொல்ல, மாணவர்கள் திருப்பிச் சொல்லி, இருமுறை கைதட்டி வணங்கி, மறுபடி ஒருமுறை தட்டி வணங்குகிறார்கள். உடை கறுப்பு, காலில் கட்டைவிரல் தனியே பிரிந்த ‘தாபி’ என்னும் காலணி. அடுத்து உருளும் பயிற்சி. இந்தக் கலையின் உண்மையான கைத்திறன் இங்கேதான் இருக்கிறது. முன்புறம் உருள்பவர் கையை வில்லாக வளைத்துத் தரையில் வைக்கிறார். உடம்பு அந்தக் கையின் விளிம்பில் ஏறி, முழங்கை, தோள் வழியாக முதுகின் குறுக்கே சரிந்து எதிர்ப்பக்க இடுப்பில் இறங்குகிறது. தலை தரையில் படக்கூடாது. முதுகெலும்பின் மேல் நேராக உருளவும் கூடாது. வெறும் பலகைத் தரையில் புதியவர் உருண்டால் தோளும் இடுப்பும் ‘தொம் தொம்’ என்று மோதும். தேர்ந்தவர் உருண்டால் துணி உரசுவது மட்டும் கேட்கும். பயிற்சியாளர்கள் பிழையைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காதால் கண்டுகொள்கிறார்கள். மல்லாந்து விழுவது, பக்கவாட்டில் சரிவது, கையில் கம்புடன் உருள்வது என்று இது விரிகிறது. வயதானவர்களுக்கு விழுந்து எழப் பழகுவதைவிடப் பயனுள்ள தற்காப்பு வேறெதுவும் அநேகமாக இல்லை.

அதன்பின் நிலைகள். ‘இச்சிமொஞ்சி’ நிலையில் முன்கை எதிராளியை நோக்கி நீள்கிறது. பின்கை மார்பருகே காவல் நிற்கிறது. முழங்கால்கள் மடங்கி, எடை பெரும்பாலும் பின்காலில் இறங்குகிறது. குத்து வரும்போது நேர்பின்னால் போகாமல் சாய்கோட்டில் விலகி, வரும் கையை முன்கையால் தட்டி, உடனே முன்னேறிக் கழுத்தில் கைவிளிம்பால் அடிக்கிறார்கள். மூன்றடிக் கம்பு, ஆறடிக் கம்பு, வாள், எடைக்குண்டு கட்டிய சங்கிலி எல்லாவற்றுக்கும் இதே கால்வைப்புதான் அடிப்படை. கால்வைப்பு சரியாக வந்தால் ஆயுதம் மாறுவது பெரிய விஷயமில்லை என்று பயிற்சியாளர்கள் சொல்வதில் நியாயமிருக்கிறது.

குறை வெளிப்படுவதும் இங்கேதான். பல கூடங்களில் குத்துபவர் ஒரே ஒரு குத்தை விட்டுக் கையை அப்படியே நீட்டி நிற்கிறார்; மற்றவர் அந்தக் கையில் நான்கைந்து பிடிகளைச் செய்து காட்டுகிறார். ஹட்சுமி போட்டிகளுக்கு இடம் தரவில்லை. உயிர்காக்கும் கலையை விளையாட்டு விதிகளுக்குள் அடைத்தால் அது சுருங்கிவிடும் என்பது இந்த அமைப்பினர் சொல்லும் காரணம். காரணத்தில் பொருள் உண்டு. ஆனால் எதிர்த்து நிற்கும் ஆளிடம் சோதிக்காத பிடி, பிடியாகுமா என்பது தெரியாமலே போய்விடும். ஜூடோ உலகெங்கும் மதிப்புப் பெற்றதற்கு, முழுப் பலத்துடன் எதிர்க்கும் ஆளோடு தினமும் மோதிப் பார்க்கும் பழக்கம் முக்கியக் காரணம்.

புஜின்கானுக்கே உரிய சோதனை ஒன்று உண்டு. ‘தான்’ எனப்படும் கறுப்புப் பட்டைப் படிநிலைகளில் ஐந்தாவதற்கு வருபவர் முதுகைக் காட்டி மண்டியிட்டு அமர்கிறார். பின்னால் நிற்கும் ஆசான் மூங்கில் பயிற்சி வாளை உச்சந்தலையை நோக்கி இறக்குகிறார். பார்க்காமலே அந்த நொடியில் உருண்டு தப்ப வேண்டும். தேறினால்தான் முழு ஆசிரியராகும் தகுதி. கொலை நோக்கத்தை உணரும் ஆற்றல் இது என்று விளக்குகிறார்கள். துணியின் சலசலப்பு, பலகையின் அசைவு, ஊகம் ஆகியவற்றைத் தனித்தனியே விலக்கிப் பார்க்காதவரை அந்த விளக்கத்தை ஏற்க முடியாது. சடங்காக அதற்கு மதிப்புண்டு. அறிவியல் சான்றாக இல்லை.

புஜின்கானுக்கு அங்கீகாரம் கிடைப்பதில் உள்ள சிக்கலின் வேர் வரலாற்றில் இருக்கிறது. ஒன்பது பள்ளிகளில் புகழ்பெற்ற தொகாகுரே பள்ளி 12ஆம் நூற்றாண்டில் தோன்றியதாகவும், ஹட்சுமி அதன் 34ஆம் தலைவர் என்றும் சொல்லப்படுகிறது. தகாமட்சுவுக்கு முந்தைய இந்த நீண்ட வரிசைக்குச் சுயேச்சையான சான்று வெளியாகவில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. நிஞ்ஜாக்களின் தலையாய கையேடான ‘பன்சென்ஷூக்காய்’ 1676இல் தொகுக்கப்பட்டது. வேவு பார்த்தல், மாறுவேடம், கோட்டைக்குள் நுழைதல், தீ, வானிலை என்று அது பக்கம் பக்கமாகப் பேசுகிறது. வெறுங்கைச் சண்டைக்கு அதில் தனிப் பாடமே இல்லை எனலாம். இகா, கோகா பகுதிகளின் நிஞ்ஜாக்கள் முதலில் தகவல் திரட்டுபவர்கள். 1980களின் அமெரிக்கத் திரைப்படங்கள் அவர்களைக் கறுப்புடைச் சண்டைக்காரர்களாக்கிப் பரப்பின. புஜின்கான் வெளிநாடுகளில் வேகமாகப் பரவியதும் அந்த அலையில்தான்.

இதே சிபா மாகாணத்தில், 15ஆம் நூற்றாண்டில் தோன்றியதாக மரபு கூறும் கத்தோரி ஷிந்தோ பள்ளி இருக்கிறது. வாள், ஈட்டி, கம்புடன் நிஞ்ஜா நுட்ப அறிவும் அதன் பாடத்திட்டத்தில் உண்டு. 1960இல் மாகாண அரசு அதைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. ஆக, நிஞ்ஜா என்ற சொல் தடையாக இருந்ததில்லை. நம்பத்தகுந்த பரம்பரைதான் அங்கே எடுபட்டது. புஜின்கான் அத்தகைய பண்பாட்டுச் சொத்துப் பட்டியலில் இடம் கேட்டால் கிடைப்பது கடினம், கிடைக்காததும் முறைதான்.

ஆனால் இருபதாம் நூற்றாண்டில் உருவான கலை என்ற தகுதியில் அது மேலும் பரவலான மதிப்புக்கு உரியது. ஐகிடோவும் அதே நூற்றாண்டில் உருவானதுதான். வயது குறைவு என்று யாரும் அதை ஒதுக்குவதில்லை. புஜின்கானின் உருளலும் கால்வைப்பும் ஆயுதப் பயிற்சியும் எண்ணூறு ஆண்டுக் கதையின் துணையில்லாமலே நிற்கக்கூடியவை. இரண்டு காரியங்கள் நடக்க வேண்டும். தகாமட்சு விட்டுச்சென்ற சுருள்களைக் காகிதம், மை, கையெழுத்து ஆகியவற்றை ஆராயத் தெரிந்த வரலாற்றாசிரியர்களிடம் முழுமையாகத் திறந்துகாட்ட வேண்டும்; நிஞ்ஜா ஆய்வுக்கென்றே மியே பல்கலைக்கழகத்தில் ஒரு மையம் இயங்குவதால் ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. கூடங்களில், அடிப்படை தேறிய மாணவர்களுக்குக் குத்திய கையை நீட்டி வைக்காமல் உடனே இழுத்துக்கொண்டு, திரும்பக் குத்தி, பிடியை உதறும் இணையோடு பயிற்சி தரவேண்டும். சில ஆசிரியர்கள் பாதுகாப்புக் கவசம் மாட்டி இதை ஏற்கெனவே செய்கிறார்கள். அங்கே பிடிகளின் எண்ணிக்கை குறைகிறது, தேறுபவை உறுதியாகின்றன.