ஒரே சொல்லில் மூன்று காற்றுகள்

1978 நவம்பரில் இலங்கையின் கிழக்குக் கரையைத் தாக்கிய பெரும்புயலை மட்டக்களப்பு மக்கள் சூறாவளி என்றே குறிப்பிடுவர். 2005-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்த கத்ரீனாவும் நம் நாளிதழ்களில் சூறாவளிதான். ஓக்லஹோமாவில் வீடுகளைப் பெயர்த்தெறியும் டொர்னேடோவுக்கும் அதே சொல். கோடை நண்பகலில் உழவுப் புழுதியை அள்ளிக்கொண்டு வயலைக் கடக்கும் காற்றையும் சிலர் அப்படியே அழைக்கின்றனர். முதல்வகைக் காற்று பல நூறு கிலோமீட்டர் அகலமுடையது. கடைசிவகை பெரும்பாலும் ஒரு வீட்டு முற்றத்துக்குள் அடங்கிவிடும்.

பாலைத்திணை நடத்திக்கொண்டிருந்த வகுப்பில் மாணவி ஒருவர் அகராதியுடன் எழுந்து நின்றார். “சூறை என்றால் சுழல்காற்று, கொள்ளை என்று ரெண்டு பொருள் போட்டிருக்கு. இந்தச் சுழல்காற்று டொர்னேடோவா ஐயா?” என்று கேட்டார். நல்ல கேள்வி. அவருக்குச் சொன்ன விடையையே இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

பாலைக்குரிய பொழுதாகத் தொல்காப்பியர் வகுத்தவை வேனிலும் நண்பகலும். புழுதிச்சுழல் பிறக்கும் பொழுதும் அதுவே. தெளிந்த வானத்தின் கீழ், வெயிலில் காய்ந்த தரை தன்னைத் தொட்டிருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. தரையை ஒட்டிய காற்றுக்கும் ஆளுயரத்துக் காற்றுக்கும் இடையே பல பாகை வெப்ப வேறுபாடு ஏற்படுகிறது. சூடேறி அடர்த்தி குறைந்த காற்று ஓரிடத்தில் பிய்த்துக்கொண்டு மேலே எழ, அவ்விடத்தை நிரப்பச் சுற்றுப்புறக் காற்று தரையோடு தவழ்ந்து வருகிறது. வரும் வழியில் ஒரு மேடோ வேலியோ அதற்கு இலேசான சுழற்சியைத் தந்தால் போதும். விரித்த கைகளை மார்போடு அணைத்ததும் நடனமாடுபவரின் சுழற்சி விரைவதுபோல, மையத்தை நெருங்க நெருங்க அது கடுகிச் சுழலும். இடம், வலம் என்ற விருப்பு அதற்கில்லை. சில நிமிடங்களில் சூடான காற்று தீர்ந்ததும் தூண் கலைந்துவிடும்.

டொர்னேடோ இடிமேகத்தின் பிள்ளை. தரையருகே ஒரு திசையிலும் உயரத்தில் வேறொரு திசையிலும் வேகத்திலும் காற்று வீசும்போது இடைப்பட்ட காற்று உருளைபோல் கிடைமட்டமாகச் சுழல்கிறது. மேகத்துக்குள் பாயும் மேலெழு காற்று அவ்வுருளையை நிமிர்த்தி நிறுத்துகிறது. ஈரக்காற்று நீர்த்துளிகளாகும்போது வெளிப்படும் வெப்பமே அம்மேகத்தின் எரிபொருள். புழுதிச்சுழலுக்குக் கிடைப்பதோ ஓர் உச்சிப்பொழுதின் தரைச்சூடு மட்டும். 1989 ஏப்ரல் 26 அன்று வங்காளதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டத்தில் வீசிய டொர்னேடோவில் சுமார் 1,300 பேர் இறந்தனர் என்று கணிக்கப்படுகிறது.

ஒன்று கீழிருந்து எழுவது, மற்றது மேலிருந்து இறங்குவது என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். ஆனால் அண்மைக்கால ரேடார் ஆய்வுகள் சிலவற்றில், டொர்னேடோவின் சுழற்சி தரையருகே முன்னதாகவே தோன்றியிருப்பது தெரியவந்துள்ளது. ஆகவே திசையைவிட, தலைக்குமேல் தாய்மேகம் உண்டா என்பதே உறுதியான அடையாளம். செவ்வாய்க் கோளில் டொர்னேடோவைப் பெறும் மழைமேகம் இல்லை. புழுதிச்சுழல்கள் மட்டும் கிலோமீட்டர் கணக்கில் உயர்ந்து எழுகின்றன. 2021 செப்டம்பரில் பெர்சவரன்ஸ் ஊர்தி தன்மேல் கடந்துசென்ற ஒன்றின் ஓசையைப் பதிவுசெய்து அனுப்பியது. வெயிலும் தரையும் மெல்லிய காற்றும் போதும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எங்கள் கரிசல் ஊரில் இதன் பெயர் பேய்க்காற்று. “ஏலே, பேய்க்காத்து வருது, ஒதுங்கி நில்லு” என்பார் ஆச்சி. கல்லூரிக்குச் சென்றபின் அப்பெயரைக் கேட்டுச் சிரித்தவர்கள் எங்களில் பலர். அச்சொல்லில் பேயை நீக்கிவிட்டுப் பார்த்தால் ஒரு கூர்மையான கவனிப்பு எஞ்சுகிறது: மேகமில்லை, இடியில்லை, முன்னறிவிப்பு எதுவுமில்லை, திடீரென்று வரும். ஒதுங்கி நிற்பதொன்றே செய்யக்கூடியது.

2021 டிசம்பர் 16 அன்று டாஸ்மேனியாவின் டெவன்போர்ட் நகரில், பள்ளி ஆண்டிறுதிக் கொண்டாட்டத்தில் காற்றடைத்த துள்ளுகூடாரம் ஒன்று பிடுங்கி எறியப்பட்டு ஆறு குழந்தைகள் இறந்தனர். அதைத் தூக்கியது ஒரு புழுதிச்சுழல். அது முன்கூட்டி அறியவியலாதது என்றே 2025-இல் நீதிமன்றமும் கருதியது. டொர்னேடோவுக்கு ரேடார் உண்டு, புயலுக்குச் செயற்கைக்கோள் உண்டு. இச்சிறு காற்றுக்கு எச்சரிக்கை தர எவரும் இல்லை. கண் ஒன்றே காவல்.

ஆதலால் கடலிலிருந்து வருவதைப் புயல் என்போம். டொர்னேடோ அப்பெயரிலேயே இருக்கட்டும். வெறுந்தரையில் எழுவதற்குச் சூறை என்ற பழஞ்சொல்லையே திருப்பிக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். வழிப்போக்கரைக் கொள்ளையிடும் ஆறலை கள்வர் உலவிய அதே பாலையில், சொல்லாமல் வந்து பறித்துச் செல்லும் காற்றுக்கும் கொள்ளைக்கும் ஒரே பெயர் வழங்கியது பொருத்தமாகவே படுகிறது. சித்திரை வெயிலில் திறந்த மைதானத்தில் பந்தல் போடுகிறவர்கள் கயிற்றை இன்னொரு முறை இறுக்கிக் கட்ட, அச்சொல் உதவினால் போதும்.